இவன் எப்பத்தான் சுடுவான்?

‘கௌபாய் படம்’ என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை எவை? புழுதி பறக்கும் ஒற்றைத் தெரு, இருபுறமும் மர வீடுகள், மதுக்கடையின் ஆடும் கதவு, இடுப்பில் தாழத் தொங்கும் துப்பாக்கி. கண்ணிமைக்கும் நேரத்தில் நாலு பேரைச் சாய்த்துவிட்டு, குழாயில் வரும் புகையை ஊதிவிட்டு, சூரியன் மறையும் திசையில் குதிரையைத் தட்டிவிடும் கதாநாயகன். நம் தலைமுறை இதையெல்லாம் தியேட்டரில் மட்டும் கற்கவில்லை. சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸ்களில் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் நல்ல தமிழில் பேசிக்கொண்டே சுட்டார்கள். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்து 1972-இல் வந்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ படங்களில் அந்தத் தொப்பியும் குதிரையும் தமிழ் பேசின. 1975-இல் ‘ஷோலே’ வந்தபோது ராமநகரத்துப் பாறைகளே அமெரிக்க மேற்காகிவிட்டன.

இவ்வளவையும் மனத்தில் சுமந்துகொண்டுதான், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்துச் சினிமா வட்டத்துக்கு அன்பர்கள் வந்திருந்தார்கள். திரையிட்ட படம், கிளிண்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்து 1992-இல் வெளிவந்த ‘அன்ஃபர்கிவன்’. மன்னிப்புக் கிடைக்காதவன் என்று பொருள் கொள்ளலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தோம். இக்கட்டுரை அப்படத்தின் விமரிசனம் என்பதைவிட, அதைப் பார்த்த நம்மவர்கள் அன்றிரவு பேசிய பேச்சின் பதிவு என்பதே சரி. படத்தைப் பற்றி இத்தனை விதமான அபிப்பிராயங்கள் வந்ததும், அவை ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டதும் எழுதி வைக்கத் தக்கவை என்று எனக்குத் தோன்றிற்று.

பன்றி மேய்க்கும் கொலைகாரன்

முதலில், படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். காலம் 1880. கான்ஸாஸ் மாநிலத்தில் ஒரு வறண்ட பண்ணை. அதில் பன்றி வளர்த்துப் பிழைக்கிறான் வில்லியம் மன்னி. (அவன் குடும்பப் பெயர் நம் காதில் ‘மன்னி’ என்றே விழுகிறது. தற்செயல்தான், ஆனால் தமிழ் தெரிந்தவனுக்கு அந்தப் பெயரே ஒரு விண்ணப்பம் போலக் கேட்கிறது.) ஒரு காலத்தில் ரயிலை மறித்துக் கொள்ளையடித்தவன், குடிவெறியில் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றவன். கிளாடியா என்ற பெண் அவனை மணந்து, குடியை விடச் செய்து, மனிதனாக்கினாள். 1878-இல் அம்மை கண்டு அவள் இறந்துபோனாள். இரண்டு குழந்தைகளோடும் காய்ச்சல் கண்ட பன்றிகளோடும் சேற்றில் விழுந்து புரண்டுகொண்டிருக்கிறான், முன்னாள் சூரன்.

அந்நேரம் வயோமிங் பிரதேசத்தில் பிக் விஸ்கி என்ற சிற்றூரில், டெலைலா என்ற விலைமாதின் முகத்தை ஒரு மாட்டுக்காரன் கத்தியால் கீறிவிடுகிறான். அவனைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாளாம், அதுதான் குற்றம். ஊர் ஷெரீஃபான லிட்டில் பில், கீறியவனுக்கும் கூட இருந்தவனுக்கும் அபராதமாக ஏழு குதிரைகள் விதிக்கிறான். அந்தக் குதிரைகளும் டெலைலாவுக்கு இல்லை. அவளை வைத்துத் தொழில் நடத்தும் மதுக்கடைக்காரனுக்கு! கொதித்துப்போன மற்றப் பெண்கள் சேமிப்பையெல்லாம் திரட்டி, அந்த இருவரையும் கொல்பவருக்கு 1000 டாலர் என்று சேதி பரப்புகிறார்கள். சேதி கான்ஸாஸுக்கும் வருகிறது. மன்னி தன் பழைய கூட்டாளி நெட் லோகனையும், கிட்டப்பார்வைக்கார வாலிபன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறான்.

“அங்கிள், இன்னும் ஆரம்பிக்கலையா?”

கிளம்புகிறான் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். படத்தில் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. கைத்துப்பாக்கியால் ஒரு தகர டப்பாவைச் சுட்டுப் பார்க்கிறான்; ஒரு குண்டுகூடப் படவில்லை. வெறுத்துப்போய் வீட்டுக்குள் சென்று பெரிய துப்பாக்கியைக் கொண்டுவந்து சுடுகிறான். பிறகு குதிரை ஏறப் பார்க்கிறான், குதிரை சுற்றுகிறது, இவன் விழுகிறான், மறுபடியும் சுற்றுகிறது, மறுபடியும் விழுகிறான். பிள்ளைகள் இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் பின்வரிசையிலிருந்து முதல் முணுமுணுப்புக் கிளம்பியது. கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், “இவன் எப்பத்தான் சுடுவான்?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது அரங்கம் முழுவதற்கும் கேட்டது. சிரிப்பலை எழுந்தது. இரண்டு மணி பத்து நிமிடப் படம். வழியெல்லாம் மழை, வெட்டவெளி, கூடாரத் தீ, இரண்டு கிழவர்கள் மெத்தையைப் பற்றியும் செத்த மனைவியைப் பற்றியும் பேசும் பேச்சு. மன்னிக்கு ஜுரம் வேறு வந்துவிடுகிறது. ஊருக்குள் நுழைந்த முதல் இரவே ஷெரீஃப் அவனைத் துவைத்தெடுக்க, தரையில் ஊர்ந்து வெளியேறுகிறான். இதையெல்லாம் கதாநாயகனுக்கு நடக்கும் காரியமாக யார் எதிர்பார்த்தார்கள்?

படம் முடிந்து காபி வந்ததும் அதே இளைஞர் தம் கட்சியை நேர்மையாகவே வைத்தார். “ஸ்லோவா இருக்கு சார். பாதிப் படத்தை எடிட்டிங்ல தூக்கியிருக்கலாம்.” அந்த எடிட்டிங்குக்குத்தான் ஆஸ்கர் கொடுத்தார்கள் என்று யாரோ சொல்ல, மீண்டும் சிரிப்பு. உண்மைதான். ஒன்பது பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு, சிறந்த படம், இயக்கம், துணை நடிகர், படத்தொகுப்பு என நான்கு விருதுகளை 1993-இல் பெற்றது இப்படம். துணை நடிகர் விருது ஷெரீஃபாக நடித்த ஜீன் ஹாக்மனுக்கு. தொகுத்தவர் ஜோயல் காக்ஸ்.

எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். “தம்பி, உங்களுக்கு ஸ்லோ. எனக்கு அது சரியான வேகம். முட்டிவலிக்காரன் குதிரை ஏறினா அப்படித்தான் ஏறுவான். என் வாழ்நாள்ல ஒரு சினிமா ஹீரோ என்னை மாதிரி எழுந்து நிக்கிறதை இன்னைக்குத்தான் பார்த்தேன்.” கைத்தட்டல் அவருக்குக் கிடைத்தது.

வயதாகக் காத்திருந்த படம்

இந்த முதுமை வேஷமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டேவிட் வெப் பீப்பிள்ஸ் இந்தத் திரைக்கதையை எழுதியது 1970-களில். ஈஸ்ட்வுட் அதை 1980-களின் தொடக்கத்திலேயே வாங்கிவிட்டார். வாங்கியவர் உடனே எடுக்கவில்லை. அந்தப் பாத்திரத்துக்கு ஏற்ற வயது தமக்கு வரட்டும் என்று பெட்டியில் வைத்துவிட்டார். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 62. 1964-இல் செர்ஜியோ லியோனியின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தில் போர்வையைத் தோளில் தள்ளிவிட்டு மின்னலாகச் சுட்ட அதே முகம், இப்போது சேற்றில் கிடந்து பன்றியைப் பிடிக்கிறது. அன்று அவரோடு சேர்ந்து கைதட்டிய ரசிகர்களுக்கும் அதே அளவு வயதாகியிருந்தது. படத்தின் முடிவில் ‘செர்ஜியோவுக்கும் டானுக்கும்’ என்று ஒரு காணிக்கை வரும். தம்மை உருவாக்கிய இயக்குநர்கள் லியோனிக்கும் டான் சீகலுக்கும் அவர் செலுத்திய நன்றி அது. முன்னவர் 1989-லும் பின்னவர் 1991-லும் காலமாகியிருந்தனர்.

“அந்தப் பொண்ணை யாராவது கேட்டாங்களா?”

அடுத்துப் பேசியவர் பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “முகம் கிழிஞ்சது டெலைலாவுக்கு. ஷெரீஃப் தீர்ப்பு சொன்னான், கடைக்காரன் குதிரை வாங்கிக்கிட்டான், மத்தப் பொண்ணுங்க பணம் சேர்த்தாங்க, மூணு பேர் துப்பாக்கி எடுத்துக்கிட்டு வந்தாங்க. உனக்கு என்ன வேணும்னு அந்தப் பொண்ணை யாராவது ஒருத்தர் கேட்டாங்களா?” என்றார்.

அரங்கம் அமைதியாயிற்று. அவர் சொன்னது சத்தியம். கீறியவனோடு கூட இருந்த டேவி என்ற இளைஞன், தன்னிடமிருந்த நல்ல குதிரை ஒன்றைத் தனியாக டெலைலாவுக்கென்றே கொண்டுவருவான். அவள் முகத்தில் ஒரு சலனம் தெரியும். அதற்குள் மற்றப் பெண்கள் சேற்றை வாரி அடித்து அவனை விரட்டிவிடுவார்கள். அவள் சார்பில் கோபப்படுகிறவர்கள் அவளுக்குப் பதில் சொல்ல இடம் வைக்கவில்லை. வேகமாக ஓடும் படமாக இருந்திருந்தால் இந்த அரை நிமிடம் வெட்டுப்பட்டிருக்கும் என்று அந்த இளைஞரைப் பார்த்து ஆசிரியை சொன்னார். இளைஞர் மறுக்கவில்லை.

இதில் ஒரு சரித்திர விநோதமும் உண்டு. வயோமிங் பிரதேசம் 1869-லேயே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்துப் பெயர் பெற்றது. கதை நடப்பது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து. வாக்குச்சீட்டு இருந்த ஊரில் டெலைலாவின் முகத்துக்கு விலை ஏழு குதிரைகள்!

இன்னொன்றும் அவர் கவனித்திருந்தார். சேதி ஊர்விட்டு ஊர் போகப் போக டெலைலாவின் காயங்களும் பெருகுகின்றன. கண்ணைப் பிடுங்கினார்கள், காதை அறுத்தார்கள் என்று வாலிபன் மன்னியிடம் சொல்கிறான்; மன்னி நெட்டிடம் சொல்லும்போது பட்டியல் இன்னும் நீள்கிறது. கொல்லப் போகிறவனுக்குப் பெரிய காரணம் தேவைப்படுகிறது. காரணம் போதாதபோது வாய் அதை வளர்த்துக்கொள்கிறது. தொலைபேசியில் வரும் வதந்தியை யோசிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடும் நம் காலத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

புத்தகத்தில் வந்த வீரம்

அன்று யாரும் அதிகம் தொடாத ஒரு பகுதியை நான் இங்கே சேர்க்க விரும்புகிறேன். பணத்துக்காக வரும் இன்னொரு துப்பாக்கிக்காரன் இங்கிலீஷ் பாப் (நடித்தவர் ரிச்சர்ட் ஹாரிஸ்). அவன் கூடவே ஒரு எழுத்தாளன்; பாப்பின் பராக்கிரமங்களைப் புத்தகமாக எழுதுகிறவன். ஷெரீஃப் லிட்டில் பில் பாப்பை நடுத்தெருவில் உதைத்துச் சிறையில் தள்ளிவிட்டு, அந்தப் புத்தகத்தை உரக்கப் படித்து, உண்மையில் நடந்ததை எழுத்தாளனுக்கு விளக்குகிறான். புத்தகத்தில் வீரச் சண்டை. உண்மையில் குடிபோதையில் பாப் குறிதவறிச் சுட்டது, எதிரியின் துப்பாக்கி அவன் கையிலேயே வெடித்துவிட, பாப் அவனைச் சுட்டுக் கொன்றது, அவ்வளவே.

இது கற்பனை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1860 முதல் பத்து சென்ட் விலையில் மலிவுக் கதைப் புத்தகங்கள் வெளிவந்தன. மேற்கின் வீரர்களை நாடு அறிந்தது பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான். உயிரோடு இருந்த பஃபலோ பில்லையே 1869-இல் கதாநாயகனாக்கி எழுதினார்கள். நிஜத்தில் பல மேற்கத்திய ஊர்களில் துப்பாக்கியோடு உள்ளே வரவே தடை இருந்தது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881-இல் நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு ஒரு காரணமே அந்தத் தடைச் சட்டம்தான். படத்தில் பிக் விஸ்கியின் எல்லையிலும் அதே அறிவிப்புப் பலகை நிற்கிறது. நாம் காமிக்ஸில் பார்த்த மேற்கு, அந்தப் பத்து சென்ட் புத்தகங்களின் பேரப்பிள்ளை. இந்தப் படம் தாத்தாவின் பொய்யைப் பேரனிடம் போட்டுடைக்கிறது.

தண்ணீர் கேட்டவன்

கடைசியில் துப்பாக்கி வெடிக்கத்தான் செய்கிறது. அந்தக் காட்சியைப் பற்றித்தான் அன்று அதிகம் பேசினோம்.

பாறை மறைவிலிருந்து நெட் முதலில் குறிபார்க்கிறான். டேவியின் குதிரை விழுகிறது. காலொடிந்த டேவி மண்ணில் தவழ்கிறான். நெட்டால் அதற்குமேல் சுட முடியவில்லை. மன்னி துப்பாக்கியை வாங்கிச் சுடுகிறான். வயிற்றில் பாய்கிறது. டேவி உடனே சாகவில்லை. தாகமாயிருக்கிறது என்று தன் நண்பர்களைக் கூப்பிட்டுக் கதறுகிறான். சுடுவார்களோ என்று பயந்து யாரும் அருகே வரவில்லை. சுட்ட மன்னியே பாறைக்குப் பின்னாலிருந்து, அவனுக்குத் தண்ணீர் கொடுங்களடா, நாங்கள் சுடமாட்டோம் என்று கத்துகிறான்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களில் ஒருவர் இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர். போரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்று எழுந்து நிற்காமலே சொன்னார்: “தண்ணிதான் கேட்பான். எல்லாரும் தண்ணிதான் கேட்பாங்க. கேட்கிற வரைக்கும்தான் அவன் எதிரி.” அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை; யாரும் கேட்கவுமில்லை.

சிறிது நேரம் கழித்து அந்தக் கணினி இளைஞரே வாய் திறந்தார். “ரெண்டாவது ஆளைக் கக்கூஸ்ல உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பையன் சுடுறான் பாருங்க. நான் கைதட்ட ரெடியாத்தான் இருந்தேன். கை வரலை.” என்னைக் கேட்டால், படத்தைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் ஆகச் சிறந்த விமரிசனம் இதுதான். அப்படிச் சுட்ட வாலிபனும் அடுத்த காட்சியில் மரத்தடியில் உட்கார்ந்து, அதுதான் தன் முதல் கொலை என்று ஒப்புக்கொண்டு அழுகிறான். ஒரு மனிதனைக் கொல்வது என்பது அவனிடம் இருப்பதையும், இனி வரவிருப்பதையும் சேர்த்துப் பறிப்பது என்கிற பொருளில் மன்னி அவனிடம் பேசுகிறான். பின்னால் தூரத்தில் ஒரு பெண் பணத்தோடு குதிரையில் வருகிறாள். அவள் நெருங்கி வரும் வரை நாம் காத்திருக்க வேண்டும். படத்தின் மெதுவான நடை எதற்கென்று அந்தக் காத்திருப்பில் எனக்கு விளங்கியது. செத்தவனை எண்ணிப் பார்க்க நமக்கும் நேரம் தரப்படுகிறது. வேகமான படங்கள் அந்த நேரத்தைத்தான் நம்மிடமிருந்து எடுத்துவிடுகின்றன.

இறுதிக் கால்மணி: இரு கட்சிகள்

அவள் கொண்டுவந்த சேதி, வீடு திரும்பிக்கொண்டிருந்த நெட்டை ஷெரீஃப் பிடித்து அடித்தே கொன்றுவிட்டான் என்பது. மன்னி பேசாமல் சாராயப் புட்டியை வாங்குகிறான். மனைவி நிறுத்திய குடி, பல ஆண்டுகளுக்குப் பின் தொண்டையில் இறங்குகிறது. இரவு, மழை, மதுக்கடை. ஆயுதமில்லாத கடைக்காரனை முதலில் சுடுகிறான்; பிறகு ஷெரீஃபையும் ஆட்களையும். இப்போது ஒரு குறியும் தப்பவில்லை.

இங்கே நம் சபை இரண்டாகப் பிளந்தது. கல்லூரி மாணவி ஒருத்தி சொன்னாள்: “ரெண்டு மணி நேரம் கொலை தப்புன்னு சொல்லிட்டு, கடைசியில நாம கேட்டதையே கொடுத்துட்டாங்க. ஹீரோ ஜெயிச்சுட்டான். இது டபுள் கேம்.” இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அந்தக் காட்சியில் நம் நாடி துடிக்கத்தான் செய்கிறது.

எதிர்க்கட்சி ஆசிரியையுடையது. “ஜெயிச்சது யாரு? கிளாடியா பத்து வருஷமா கட்டினதை ஒரு புட்டி இடிச்சுடுச்சு. அங்க நின்னது அவ புருஷன் இல்லை, அவளுக்கு முன்னால இருந்த ஆளு.” சாகும் தறுவாயில் ஷெரீஃப், நான் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேனே, இது எனக்கு அடுக்குமா என்கிற மாதிரி கேட்கிறான். கோணல்மாணலாக, கூரை ஒழுக ஒழுக அவன் தன் கையாலேயே கட்டிய வீடு. யாருக்கு எது தகும் என்ற கணக்கெல்லாம் இதில் இல்லை என்று சொல்லிவிட்டு மன்னி சுடுகிறான். நான் ஆசிரியையின் கட்சி. ஆனால் மாணவியின் கேள்வியை இந்தப் படம் முழுதாகத் தீர்த்து வைக்கிறது என்று சொல்லமாட்டேன். எழுத்தாளன் போஷாம் அந்தப் பிணங்களுக்கு நடுவே நின்றுகொண்டே, முதலில் யாரைச் சுட்டீர்கள் என்று ஆவலோடு விசாரிக்கிறான். அடுத்த புத்தகத்துக்குக் குறிப்பு! அந்த ஆவல் நமக்குள்ளும் இருந்தது என்பதைப் படம் அறிந்தே வைத்திருக்கிறது.

இரண்டு வாரம் என்று சொல்லிப் போனவன்

கடைசியாகப் பேசியவர் ஓர் இல்லத்தரசி. முப்பது ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பக்கத்திலிருந்து கணவருடைய வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். “நீங்க எல்லாரும் துப்பாக்கியையே பேசுறீங்க. எனக்கு அந்த ரெண்டு குழந்தைகளைத்தான் நெஞ்சை விட்டுப் போகலை. ரெண்டு வாரத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டுக் கிளம்புறானே அப்பன். பணத்துக்காகத்தானே போறான்? நாமளும் ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு வந்தவங்கதான்.”

இதற்குச் சபையில் யாருக்கும் பதில் இல்லை. மன்னி போவது நீதிக்காக அல்ல. பன்றிகள் சாகின்றன, பிள்ளைகளுக்கு வழி வேண்டும். அந்த ஆயிரம் டாலரில் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று நம்பிப் போகிறான். சம்பாதிக்கப் போகிற இடத்தில் யாராக மாறிப்போவோம் என்று கிளம்பும்போது எவருக்கும் தெரிவதில்லை. நம்மில் எவரும் துப்பாக்கி தூக்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாள் சொன்னதும் பலர் தலை குனிந்ததைக் கவனித்தேன்.

2013-இல் ஜப்பானியர் இக்கதையை ஹொக்கைடோ தீவுக்குக் கொண்டுபோய், கென் வாடனபேயைக் கத்தி பிடித்த பழைய சாமுராயாக்கிப் படமெடுத்தார்கள். லியோனியின் 1964 படமே அகிரா குரோசவாவின் ‘யோஜிம்போ’வைத் தழுவியதுதான், ஆக, கடன் வட்டியோடு திரும்பியது. எந்த நாட்டிலும் பொருந்தும் கதை என்பதற்கு அது சாட்சி.

படத்தின் கடைசிக் காட்சியில் பேச்சே இல்லை. அந்தி வானம், ஒரு மரம், மனைவியின் கல்லறை, பக்கத்தில் மன்னியின் நிழலுருவம். எழுத்துகள் ஓடுகின்றன. அவன் பிள்ளைகளோடு எங்கோ போய்விட்டான். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜவுளி வியாபாரத்தில் தழைத்ததாகப் பேச்சு. பிற்பாடு கிளாடியாவின் தாய் வந்து பார்க்கிறாள். கொள்ளைக்காரனும் கொலைகாரனுமாகப் பெயரெடுத்த ஒருவனைத் தன் ஒரே மகள் ஏன் மணந்தாள் என்பதற்கு அந்தக் கல்லில் விடை இல்லை.

அவனை மன்னிக்க வேண்டியவர் யார்? செத்துப்போன டேவியா, ஒன்றும் கேட்கப்படாத டெலைலாவா, நெட்டின் மனைவியா, மண்ணுக்குள் இருக்கும் கிளாடியாவா? வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து, அவசரப்படாமல், இந்தப் படத்தைப் பாருங்கள். பார்த்தபின் உங்கள் தீர்ப்பை நம் இதழுக்கு எழுதுங்கள். ஒரு நிபந்தனை: எழுதும் முன் ஒரு நாள் ஆறப்போடுங்கள். மெதுவான படத்துக்கு மெதுவான தீர்ப்பே மரியாதை.